ஒரே ஒரு ஷீக் ஆல்பம் என்றால் எது? 'சே ஷீக்'கா, 'ரிஸ்கே'யா?

அக்கா மகன் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் சேர்த்து வைத்த பணத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயரும் வாங்கிவிட்டான். லண்டனில் படிக்கிற அவன் நண்பன் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். பெட்டியில் ஒரே ஒரு எல்பி தட்டுக்குத்தான் இடம் இருக்கிறதாம். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். "மாமா, ஷீக் ஆல்பம் ஒண்ணு சொல்லிவிடலாம்னு இருக்கேன். 'லே ஃப்ரீக்' இருக்கிறதா, 'குட் டைம்ஸ்' இருக்கிறதா? சீக்கிரம் சொல்லுங்க, அவன் நாளைக்குக் கடைக்குப் போறான்."

காலையில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு 'லே ஃப்ரீக்' இருக்கிற 'சே ஷீக்', 'குட் டைம்ஸ்' இருக்கிற 'ரிஸ்கே' இரண்டு ஆல்பத்தையும் முதலிலிருந்து கடைசி வரை மறுபடி கேட்டேன். பல வருஷமாக நூற்றுக்கணக்கான தடவை கேட்டவைதான். ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றை விட வேண்டும் என்று கேட்கும்போது காது வேறு மாதிரி வேலை செய்கிறது. அன்று ராத்திரி யோசித்ததை எழுதி வைக்கிறேன். டிஸ்கோவும் ஃபங்க்கும் பிடிக்கும், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்கும் இது பயன்படும்.

ஷீக் நியூயார்க் டிஸ்கோ குழு. கிட்டார் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டிரம்ஸ் டோனி தாம்ப்சன். ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் 1970 முதல் பழக்கம். அடுத்தவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தே பல வருஷம் ஓட்டியவர்கள். 'பிக் ஆப்பிள் பேண்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1976-ல் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை டிஸ்கோவாக்கி ஹிட் கொடுத்த வால்டர் மர்ஃபியின் குழுவுக்கும் அதே பெயர் இருந்ததால் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. புதுப் பெயருக்கும் தோற்றத்துக்கும் அவர்கள் பார்த்தது இரண்டு ராக் குழுக்களை. ராக்ஸி மியூசிக்கிடமிருந்து உடையும் மிடுக்கும். கிஸ் குழுவிடமிருந்து, ஆள் யார் என்று தெரியாமலே பெயர் பெறலாம் என்கிற யோசனை. கோட் சூட் போட்டுக்கொண்டு, முகத்தை முன்னால் தள்ளாமல், பாட்டை முன்னால் தள்ளினார்கள்.

அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1977-ல் முதல் ஆல்பம், 1978 ஆகஸ்டில் 'சே ஷீக்', 1979 ஜூலை கடைசியில் 'ரிஸ்கே'. இரண்டு வருஷத்துக்குள் மூன்று ஆல்பம்.

முதல் ஆல்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எவ்ரிபடி டான்ஸ்' என்ற ஒரு பாட்டுக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு, அதில் தப்பே இல்லை. எட்வர்ட்ஸ் ஆள்காட்டி விரலைப் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) மாதிரி மேலும் கீழும் ஓட்டி வாசித்திருக்கும் வேகம், பேஸ் கற்றுக்கொள்கிற எவனையும் ஒரு வாரம் தூங்கவிடாது. ஆனால் குழுவுக்கு இன்னும் தன் குரல் முழுதாகப் பிடிபடவில்லை. சில பாட்டுகள் அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடியவை. ஒன்றே ஒன்று வாங்குபவனுக்கு இது வேண்டாம்.

தொகுப்பு ஆல்பம் வாங்கினால் எல்லா ஹிட்டும் ஒரே தட்டில் கிடைத்துவிடுமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காலேஜ் நாட்களில் ஒரு கடையில் ஹிட் பாட்டுத் தொகுப்பு சிடி ஒன்று வாங்கி வந்து, 'குட் டைம்ஸ்' மூன்றரை நிமிஷத்தில் முடிந்துபோகிற பாட்டு என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ரேடியோவுக்காகச் சுருக்கிய வடிவம் அது. ஒரு நண்பர் வீட்டில் ஆல்பத்தில் இருக்கிற எட்டு நிமிஷ வடிவத்தைக் கேட்டபோதுதான், பாட்டின் இதயத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை எனக்கு விற்றிருக்கிறார்கள் என்று புரிந்தது. ஷீக் பாட்டுகள் நீளத்துக்காகவே கட்டப்பட்டவை. ஒரு அடவு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரத் துண்டு, ஆறு தடவை வந்த பிறகு ஏழாவது தடவை வருகிற சின்ன மாற்றத்தில்தான் சுகம் இருக்கிறது. சுருக்கினால் அந்த ஆறும் போய்விடும். தொகுப்பு வாங்கினாலும் பின்னட்டையில் நிமிஷக் கணக்கைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

'சே ஷீக்' எட்டுப் பாட்டு, சுமார் 41 நிமிஷம். விற்பனையில் இதுதான் பெரியது. அமெரிக்கப் பாப் ஆல்பம் பட்டியலில் நான்காம் இடம், கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம். அதற்குக் காரணமான 'லே ஃப்ரீக்' 1978 டிசம்பருக்கும் 1979 பிப்ரவரிக்கும் நடுவில் இரண்டு தடவை இறங்கி மறுபடி ஏறி, மொத்தம் ஆறு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டு பிறந்த கதை ஊருக்கே தெரியும். 1977 டிசம்பர் 31 ராத்திரி, பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததால் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 கிளப்புக்குப் போனார்கள். வாசல்காரர் உள்ளே விடவில்லை. உள்ளே அவர்களுடைய பாட்டே ஓடிக்கொண்டிருந்திருக்கலாம், ஆளுக்கு இடமில்லை. வீட்டுக்குத் திரும்பி, வாத்தியத்தை எடுத்து, அந்த வாசல்காரரைத் திட்டி ஒரு அடவு போட்டார்கள். திட்டு வார்த்தையை அப்படியே ரேடியோவில் போட முடியாது, அதனால் வார்த்தை மட்டும் மாறியது. கோபம் மாறவில்லை. அந்த 'ஆ' என்ற கூவலை இனிமேல் கேட்கும்போது கவனியுங்கள். நாற்பது வருஷமாகக் கல்யாண வீட்டிலும் பார்ட்டியிலும் உலகமே குதித்து ஆடுவது ஒரு கதவுச் சண்டைக்கு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2018-ல் இதைச் சேர்த்தது.

கிட்டார் பக்கம் பார்த்தால், ராட்ஜர்ஸின் வாசிப்பைப் புரிந்துகொள்ள 'லே ஃப்ரீக்' நல்ல பாடம். அவருடைய வலது கை முறத்தில் அரிசி புடைக்கிற கை மாதிரி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், மேலும் கீழும், மேலும் கீழும். எந்த அடி கம்பியாக ஒலிக்க வேண்டும், எந்த அடி வெறும் 'சிக்' என்ற சத்தமாகச் செத்துப்போக வேண்டும் என்பதை இடது கைதான் தீர்மானிக்கும். விரலை அழுத்தினால் சுரம், லேசாகத் தொட்டால் சத்தம் மட்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சக்கிங்'. ஜாஸ் கிட்டார் பழகியிருந்த ராட்ஜர்ஸுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே பேஸ்காரர் எட்வர்ட்ஸ்தான். அதற்காகத் தன் கிட்டாரை மாற்றி ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டார் ராட்ஜர்ஸ். அந்த வெள்ளைக் கிட்டாரைத்தான் இன்றும் மேடையில் பார்க்கிறோம்.

ஆனால் 'சே ஷீக்' எனக்குப் பிடித்தது 'லே ஃப்ரீக்'குக்காக இல்லை. இரண்டாம் பக்கத்தின் முதல் இரண்டு பாட்டுகளுக்காக. தட்டைத் திருப்பிப் போட்டதும் 'ஐ வாண்ட் யுவர் லவ்' வரும். சர்ச் மணி மாதிரி நீளக் குழாய் மணிகள் அதில் அடிக்கும். ஆட்டப் பாட்டில் யாரும் எதிர்பார்க்காத வாத்தியம். ஆல்ஃபா ஆண்டர்சன் குரலைத் தூக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலப் பாடுவார். பாட்டு ஏழு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் பித்தளைக் குழல்கள் வந்து சேரும்போது பாட்டு முடியப்போகிறதே என்று வருத்தமாக இருக்கும்.

அதற்கு அடுத்தது 'அட் லாஸ்ட் ஐ ஆம் ஃப்ரீ'. இது டிஸ்கோவே இல்லை. ஏழு நிமிஷ மெல்லிசை, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். விடுதலை ஆகிவிட்டேன் என்று பாடுகிற பெண்ணின் குரலில் விடுதலையின் சந்தோஷம் எங்கேயுமே இல்லை. கடைசியில் விட்டுவிட வேண்டியதாகிவிட்டது என்கிற களைப்புதான் கேட்கும். டிஸ்கோவுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத இங்கிலாந்துப் பாடகர் ராபர்ட் வயட் 1980-ல் இதைத் தனியாகப் பாடிப் பதிவு செய்தார். ஷீக் என்றால் வெறும் ஆட்டம்தானே என்று சொல்பவர்களுக்கு நான் வாதாடுவதில்லை, இந்தப் பாட்டைப் போட்டுவிடுவேன்.

குறையும் உண்டு. அந்த இரண்டு பாட்டுக்குப் பிறகு 'சம்டைம்ஸ் யூ வின்' சுமார்தான். கடைசிப் பாட்டு 'ஃபன்னி போன்' பின்னால் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வாத்தியப் பாட்டு, ஒரு தடவை கேட்டால் போதும். முதல் பக்கத்தில் 'ஹேப்பி மேன்' எனக்கு ஒட்டவே இல்லை. 'சேவ்வா ஃபேர்' முழுக்க ராட்ஜர்ஸின் கிட்டார் தனி ஆவர்த்தனம், அழகானது, ஆனால் தாளக் கிட்டாருக்கே பிறந்த ஒருவரைத் தனிக் கிட்டாரில் கேட்கிறபோது அவருடைய பாதிப் பலம் உறையில் கிடப்பது போலத் தோன்றும். ஆக எட்டில் நான்கு பொக்கிஷம். தொடக்கப் பாட்டு 'ஷீக் சியர்' குழுவுக்குக் குழுவே கைதட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று, ஆனால் அதன் தாளம் பிரமாதம். 1998-ல் பாடகி ஃபெயித் எவன்ஸ் 'லவ் லைக் திஸ்' பாட்டை அதன்மேல்தான் கட்டினார்.

இனி 'ரிஸ்கே'. ஏழு பாட்டு, நாற்பது நிமிஷத்துக்கும் குறைவு. பாப் பட்டியலில் ஐந்தாம் இடம், ஆர் அண்ட் பி-யில் இரண்டாம் இடம். எண்களில் 'சே ஷீக்'குக்கு ஒரு படி கீழே. எண்களை இங்கேயே விட்டுவிடலாம், இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள அது வெளிவந்த மாதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1979 ஜூலை 12. சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். உள்ளூர் அணிக்கும் டெட்ராய்ட் அணிக்கும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். டிஸ்கோ தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். நடுவில் ஸ்டீவ் டால் என்ற ராக் ரேடியோ அறிவிப்பாளர் அந்தத் தட்டுகளை ஒரு பெட்டியில் குவித்து வெடிவைத்தார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. புல்தரை பாழானது. இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று மைதானத்தில் வேலைக்கு இருந்த ஒரு கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், பிற்காலத்தில் சிகாகோவின் ஹவுஸ் என்ற ஆட்ட இசையை உருவாக்கியவர்களில் ஒருவர். மக்கள் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, வெறும் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்று அவர் சொல்லியிருக்கிறார். டிஸ்கோ கறுப்பர்களும் லத்தீனோக்களும் ஓரினச் சேர்க்கையாளர்களும் நியூயார்க் கிளப்புகளில் வளர்த்த இசை. எதன்மேல் அன்று கோபம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஜூலை கடைசியில் 'ரிஸ்கே' கடைக்கு வந்தது. கோடையில் தனியாக வெளியாகி ஏறிக்கொண்டிருந்த 'குட் டைம்ஸ்' ஆகஸ்ட் 18 வாரத்தில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஒரே ஒரு வாரம். அடுத்த வாரமே தி நாக் குழுவின் 'மை ஷரோனா' என்ற ராக் பாட்டு அதை இறக்கிவிட்டு ஆறு வாரம் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஷீக் பாட்டு எதுவுமே அமெரிக்காவில் முதல் நாற்பதுக்குள் வரவில்லை. இதே ஆல்பத்தின் 'மை ஃபர்பிடன் லவர்' 43-ம் இடத்தோடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் அது 'லே ஃப்ரீக்'கை விட நல்ல பாட்டு.

இதைத் தெரிந்துகொண்டு 'குட் டைம்ஸ்' கேளுங்கள். நல்ல காலம் என்று பெயர். அன்றைய அமெரிக்காவில் பெட்ரோலுக்கு நீள வரிசை, விலைவாசி ஏற்றம், வேலையில்லாத் திண்டாட்டம். பாட்டின் வரிகளில் 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்துப் பாட்டுகளின் சொற்களை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சோறு இல்லாத காலத்தில் சந்தோஷமாகப் பாடிய பாட்டுகள் அவை. ஆல்பத்தின் அட்டையும் அந்தக் காலத்து உடையில், ஒரு கொலை நடந்த பங்களா மாதிரி எடுத்த படம். நம் ஊரில் விடியற்காலையில் குடுகுடுப்பைக்காரர் வந்து "நல்ல காலம் பொறக்குது" என்பார். காலம் நன்றாக இல்லாத வாசலில்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். 'குட் டைம்ஸ்' பாட்டும் அப்படித்தான். தங்கள் பாட்டு ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒளிந்த அர்த்தம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் இருவரும் வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம் முழுசாகப் பலித்தது இதில்தான்.

இப்போது பேஸ். மருமகனுக்காகவே இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ச் சொல்கிறேன். முதலில் ஒரே சுரம், மூன்று அடி. டும், டும், டும். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகு விரல் ஓட்டமாக மேலே ஏறி, அடுத்த சுரத்தில் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி அந்த மூன்று அடிக்கு வந்து நிற்கும். வாசித்துப் பார்த்தால் சுரங்கள் கஷ்டமில்லை, ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். கஷ்டம் அந்த மூன்றாவது அடிக்குப் பிறகு கையை நிறுத்துவது. கற்றுக்கொள்கிறவன் கை அந்த இடத்தை ஏதாவது போட்டு நிரப்பப் பார்க்கும். எட்வர்ட்ஸ் நிரப்பமாட்டார். ஒவ்வொரு சுரத்தையும் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்து வெட்டுவார். டோனி தாம்ப்சன் கையில் பெரிய பலம் உள்ள டிரம்மர், அவரும் இதில் உருட்டல் எதுவும் போடாமல் நேராக அடிப்பார். இருவரும் விட்டுவைத்த அந்த இடத்தில்தான் ஆடுகிறவன் கால் வைக்கிறான்.

பாட்டின் நடுவில் மூன்று நிமிஷம் தாண்டியதும் பாடுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். வயலின்கள் போய்விடும், கிட்டார் போய்விடும். பேஸும் டிரம்ஸும் கைதட்டும் மட்டும் மிஞ்சும். அப்புறம் ஒவ்வொருவராக, அவசரமே இல்லாமல், பியானோ, கிட்டார், வயலின்கள் என்று திரும்பி வருவார்கள். ஒரு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை ஒவ்வொரு கல்லாக எடுத்துக் காட்டுகிற மாதிரி. ரேடியோ வடிவத்தில் வெட்டுப்படுவது இந்த இடம்தான்.

உலகம் பிடித்துக்கொண்டதும் இந்த இடத்தைத்தான். நியூயார்க்கின் டிஜேக்கள் இதே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு இந்தப் பகுதியை நீட்டிக்கொண்டே போக, அதன்மேல் இளைஞர்கள் பேசிப் பாடினார்கள். அதே 1979-ல் சுகர்ஹில் கேங் அந்த அடவையே ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்கவைத்து 'ராப்பர்ஸ் டிலைட்' பதிவு செய்தது. அமெரிக்காவில் முதல் நாற்பதுக்குள் வந்த முதல் ராப் பாட்டு அது. ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்று எழுந்தபிறகு பாட்டு எழுதியவர்கள் பெயரில் அவர்களையும் சேர்த்தார்கள். 1980-ல் குயீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' வந்தது. அதை எழுதிய ஜான் டீக்கன் ஷீக் குழுவோடு அவர்களுடைய ஸ்டூடியோவில் உட்கார்ந்து பார்த்தவர். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் இருக்கிற மூன்று அடியைக் கேட்டால் சொல்லாமலே புரியும். டிஸ்கோ செத்துவிட்டது என்று தட்டுகளை வெடிவைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஹிப் ஹாப் இந்த ஒரு பேஸ் அடவின்மேல் எழுந்து நின்றுவிட்டது.

'குட் டைம்ஸ்' ஒன்றுக்காக மட்டும் 'ரிஸ்கே' வாங்கச் சொல்லமாட்டேன். அதற்கு அடுத்து 'எ வார்ம் சம்மர் நைட்' மெதுவாக, வேர்வை காய்கிற மாதிரி வரும். எட்டு நிமிஷ ஆட்டத்துக்குப் பிறகு உடம்புக்கு அது வேண்டியிருக்கிறது. மூன்றாவது 'மை ஃபீட் கீப் டான்ஸிங்'. இதில் தனி ஆவர்த்தனம் எந்த வாத்தியத்துக்கும் கொடுக்கப்படவில்லை. நடுவில் தாளம் மட்டும் மிஞ்ச, அதன்மேல் டாப் டான்ஸ் ஆடுகிற ஷூக்களின் சத்தம். ஆடியவர்களில் ஒருவர் ஃபயார்ட் நிக்கலஸ், 1930-களிலும் 40-களிலும் ஹாலிவுட் படங்களில் ஆடி உலகையே வாய்பிளக்க வைத்த நிக்கலஸ் சகோதரர்களில் மூத்தவர். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். பழைய கறுப்பின ஆட்டக் கலையின் மூத்தவர் ஒருவரைக் கூட்டி வந்து, அவர் காலையே மைக் முன்னால் வைத்து வாசிக்கச் சொன்ன அந்த மனசுக்காகவே இந்தப் பாட்டை நான் நிறுத்தாமல் கேட்பேன். அட்டையின் முப்பதுகளும் 'குட் டைம்ஸ்' வரிகளின் முப்பதுகளும் இந்தக் கால்களும் ஒரே நூலில் கோத்தவை.

இரண்டாம் பக்கம் 'மை ஃபர்பிடன் லவர்' என்று ஆரம்பிக்கும். வயலின்களும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்துகிற அழகு. 'கான்ட் ஸ்டாண்ட் டு லவ் யூ' இந்த ஆல்பத்தின் பலவீனமான பாட்டு, ஒப்புக்கொள்கிறேன். 'வில் யூ க்ரை' மெல்லிசை. 'அட் லாஸ்ட் ஐ ஆம் ஃப்ரீ'யோடு ஒப்பிட்டால் அதற்கு ஒரு மாற்றுக் குறைவுதான். ஏழில் ஐந்து நிற்கும்.

இரண்டு ஆல்பத்தையும் செய்த கைகள் ஒன்றேதான் என்பதைச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோ, பெயருக்கு ஏற்றபடி ஒரு காலத்தில் மின் நிலையமாக இருந்த கட்டடம். பொறியாளர் பாப் கிளியர்மவுண்டன். குரல் ஆல்ஃபா ஆண்டர்சனும் லூசி மார்ட்டினும். அதனால் ஒலித்தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் மனசில். 'சே ஷீக்' ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் செய்தது. கதவைத் தட்டுகிற ஆல்பம், எல்லா வகைப் பாட்டிலும் கை வைத்துப் பார்த்திருக்கிறது. 'ரிஸ்கே' உள்ளே வந்தாகிவிட்டது என்று தெரிந்தவர்கள் செய்தது. எதை விட்டுவிடலாம் என்று தெரிந்திருக்கிறது.

யாருக்கு எது? வீட்டில் நாலு பேர் கூடி ஆடுவதற்கென்றால் 'சே ஷீக்' எடுங்கள். 'லே ஃப்ரீக்' போட்டால் பாட்டியும் எழுந்து வருவார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகக் கேட்பவர், குரலுக்காகக் கேட்பவர் என்றாலும் 'சே ஷீக்'தான், அந்த இரண்டாம் பக்கத்தின் பதினான்கு நிமிஷத்துக்காக. எனக்கே கூட, ஆளில்லாத தீவுக்கு ஒரு பாட்டு மட்டும் எடுத்துப் போகலாம் என்றால் 'ஐ வாண்ட் யுவர் லவ்'தான் எடுத்துப் போவேன். ஆனால் ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஊசியைத் தூக்காமல் கேட்க வேண்டும், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், பின்னால் வந்த நாற்பது வருஷ இசை எங்கிருந்து கிளம்பியது என்று தெரிய வேண்டும் என்றால் 'ரிஸ்கே'. பேஸ் வாசிக்கிறவனுக்கு யோசனையே வேண்டாம்.

பழைய தட்டா, புதுப் பதிப்பா என்பது அடுத்த கேள்வி. இரண்டுமே அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றவை, அதனால் பழைய பிரதிகள் அபூர்வம் இல்லை. ஆனால் இவை பார்ட்டித் தட்டுகள். மலிவான பிளேயரில், கனத்த ஊசியில், ஆட்களின் காலதிர்வில் ஓடியவை. 'ரிஸ்கே' என்றால் 'குட் டைம்ஸ்' முதல் பக்கத்தின் வெளி ஓரத்தில் இருக்கிறது. தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து அந்த ஓரம் சாம்பல் பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பூத்திருந்தால் வேண்டாம். நல்லதாக இருந்தால் அது பெரிய லாபம், ஏனென்றால் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் தட்டு வேகமாக ஓடும், ஒலிக்கு இடம் அதிகம், அந்த எட்டு நிமிஷம் தட்டின் சிறந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'சே ஷீக்'கில் வெளி ஓரத்தை 'ஷீக் சியர்' எடுத்துக்கொள்கிறது. பழையதைத் தொட்டுப் பார்த்து வாங்க முடியாதவர்கள் புதுப் பதிப்பே வாங்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, சொல்லாமல் விட மனசில்லை. சிஸ்டர் ஸ்லெட்ஜ் சகோதரிகளின் 'வி ஆர் ஃபேமிலி', 1979. எழுதியது, தயாரித்தது ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும், வாசித்தது இதே குழு. பாடியது மட்டும் அவர்கள். 'லாஸ்ட் இன் மியூசிக்', 'திங்கிங் ஆஃப் யூ' இரண்டும் அதில் இருக்கின்றன. ஷீக்கின் சிறந்த ஆல்பம் ஷீக் பெயரில் வரவில்லை, இதுதான் அது என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனால் மருமகனின் இரண்டாவது தட்டு இதுவாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எட்வர்ட்ஸ் 1996 ஏப்ரலில் டோக்கியோவில் காலமானார். புடோகான் அரங்கில் ராட்ஜர்ஸோடு வாசித்துவிட்டு ஓட்டல் அறைக்குத் திரும்பியவர், நிமோனியா. 43 வயது. தாம்ப்சன் 2003-ல் புற்றுநோயில் போனார். மூவரும் சேர்ந்து வாசித்ததைக் கேட்க நமக்கு இந்தத் தட்டுகள்தான் இருக்கின்றன.

காலையில் மருமகனுக்கு 'ரிஸ்கே' என்று சொல்லிவிட்டேன். நண்பன் வந்தான், தட்டும் வந்தது, பழைய பிரதி, ஓரம் சுத்தமாக இருக்கிறதாம். இரண்டு நாள் கழித்து ராத்திரி போன் வந்தது. ஹலோ கூடச் சொல்லாமல் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டான். பேஸும் டிரம்ஸும் கைதட்டும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"மாமா, அந்த மூணு அடிக்கு அப்புறம் வர்ற இடத்துல என் கை நிக்கவே மாட்டேங்குது."

"தெரியும்டா. மறுபடி முதல்ல இருந்து போடு."